ரெண்டு டாலர் நோட்டில் ஒரு தமிழர் கையெழுத்து!

'பேங்க் வேலை கிடைச்சா லைஃப் செட்டில்' என்று நம்பும் ஊரிலிருந்து, பேங்க் வேலையின் உச்சியில் இருந்துகொண்டு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டுக் கேட்கப் போன ஒருவரைப் பற்றி...

காலை பாசஞ்சரில் திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால், சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு பார்லிமென்ட் கூட்டத்தொடரே நடந்து முடிந்துவிடும். கடலூர் துறைமுகம் ஜங்ஷனில் கிரிக்கெட், ஆலப்பாக்கத்தில் சினிமா, புதுச்சத்திரத்தில் அரியர், பரங்கிப்பேட்டையில் காதல், கிள்ளை வந்ததும் "டேய், ரெக்கார்டு நோட்டு எடுத்தியா?" என்கிற அலறல். இதுதான் எங்க தினசரி அஜெண்டா.

போன மாசம் ஒருநாள் அஜெண்டாவில் புதுசா ஒரு ஐட்டம் சேர்ந்தது. கும்பலில் ஒருத்தனோட சித்தப்பா சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். லீவில் வந்தவர், இவனுக்கு ரெண்டு டாலர் நோட்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். ஊதா கலர், பிளாஸ்டிக் மாதிரி வழவழ. ஆளாளுக்கு வாங்கித் தடவிப் பார்த்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். "மச்சி, கிழியுமாடா?" என்று ஒருத்தன் டெஸ்ட் செய்யப் போக, பிடுங்கி வைத்தோம்.

"கையெழுத்தைப் பாருடா. சித்தப்பா அதைக் காட்டிட்டுத்தான் குடுத்தாரு. அது ஒரு தமிழர் கையெழுத்தாம். அவருதான் இப்ப அங்க ஜனாதிபதியாம்!"

கம்பார்ட்மென்ட் ரெண்டு செகண்ட் அமைதி. பேங்க் எக்ஸாமுக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருக்கும் ஃபைனல் இயர் அண்ணன் ஒருவர்தான் அதைக் கலைத்தார். "நோட்டுல கையெழுத்துப் போடுற அளவுக்கு பேங்க்ல பெரிய ஆளா இருந்தவரு... அப்புறம் எதுக்குப்பா அரசியலுக்குப் போனாரு?"

நியாயமான கேள்விதானே பாஸ்? அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதுதான் இந்தக் கட்டுரை!

யார் இந்த தர்மன்?

தர்மன் சண்முகரத்னம். 1957 பிப்ரவரி 25-ல் சிங்கப்பூரில் பிறந்தவர். இலங்கைத் தமிழ்ப் பூர்வீகம். அப்பா கே.சண்முகரத்னம், நோய்க்குறியியல் பேராசிரியர். சிங்கப்பூரில் யாருக்கெல்லாம் புற்றுநோய் வருகிறது என்று முறையாகக் கணக்கு வைக்கும் பதிவேட்டைத் தொடங்கிய டாக்டர்.

'டாக்டர் வீட்டுப் பையன், சும்மா படிச்சுத் தள்ளியிருப்பாரு' என்று நினைத்தால், அங்கேதான் ட்விஸ்ட். ஸ்கூலில் தர்மனுக்கு மைதானம்தான் உயிர். ஹாக்கி, ஃபுட்பால், கிரிக்கெட், ஓட்டம் என்று சுற்றியவர். பதினேழு வயசில் கடுமையான ரத்தசோகை என்று டாக்டர்கள் சொல்ல, போட்டி விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி. அதற்கப்புறம்தான் புத்தகங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறார்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் டிகிரி, கேம்பிரிட்ஜில் எம்.ஃபில்., பிற்பாடு ஹார்வர்டில் பொது நிர்வாகப் படிப்பு. லண்டனில் படித்த காலத்தில் இவர் சோஷலிச சிந்தனையில் ஊறிய, சிங்கப்பூர் அரசை விமர்சித்த மாணவர் கூட்டத்தில் ஒருவர். அன்றைக்கு அவரைப் பார்த்து, 'இவர்தான் நாளைக்கு ஆளுங்கட்சி அமைச்சர்' என்று யாராவது சொல்லியிருந்தால், அவரே சிரித்திருப்பார்!

கிட்டங்கியிலிருந்து நாணய ஆணையம் வரை

1982-ல் ஊர் திரும்பி, பொருளாதார நிபுணராக வேலைக்குச் சேர்ந்த இடம் சிங்கப்பூர் நாணய ஆணையம். சுருக்கமாக எம்.ஏ.எஸ். நம்ம ஊர் ரிசர்வ் பேங்க் மாதிரி. நோட்டு அடிப்பது, விலைவாசியைக் கட்டுக்குள் வைப்பது, மற்ற பேங்க்குகளுக்கு வாத்தியாராக இருப்பது எல்லாம் இவர்கள் வேலை. 1971-ல் தொடங்கியது.

அதுக்கும் ரொம்ப முன்னாடியே சிங்கப்பூர் 'பேங்கிங்'கில் தமிழர்கள் உண்டு. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஹாலில் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாடியும் தரையில் உட்கார்ந்து கணக்கு எழுதும் ஒருவர். அந்தப் பெட்டிதான் அவரோட பிராஞ்ச் ஆபீஸ்! கப்பல் வியாபாரியிலிருந்து சின்னக் கடைக்காரர் வரைக்கும் அங்கே கடன் வாங்கித் தொழில் செய்திருக்கிறார்கள்.

இதில் எங்க கேம்பஸுக்கும் ஒரு கனெக்‌ஷன் இருக்கு. நான் படிக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-ல் உருவாக்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், அதே நகரத்தார் வங்கித்தொழில் மரபில் வந்தவர். 1907-ல் இந்தியன் பேங்க் உருவானபோது அதில் முக்கியப் பங்கு வகித்தவர். டெல்லியில் அன்றைக்கு இருந்த மேல்சபையில் உறுப்பினராகவும் இருந்தவர். ஆக, 'பேங்கருக்கு அரசியல் எதுக்கு?' என்று கேட்டுக்கொண்டே, ஒரு பேங்கர் கட்டிய யுனிவர்சிட்டிக்குத்தான் தினமும் ட்ரெயின் ஏறுகிறோம்!

இன்ஜினீயருக்குப் புரியும் எகனாமிக்ஸ்

எம்.ஏ.எஸ். எப்படி வேலை செய்கிறது என்று படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் எனக்குப் புரிந்த ஒரே சாப்டர் அங்கே உதவியது!

ரிசர்வ் பேங்க் என்ன செய்யும்? விலைவாசி ஏறினால் வட்டி விகிதத்தை ஏற்றும், மந்தமானால் இறக்கும். சிங்கப்பூரில் கதை வேறு. அரிசி, பருப்பு, காய்கறி, பெட்ரோல் என்று எல்லாமே கப்பலில் வந்து இறங்க வேண்டிய குட்டித் தீவு அது. அதனால் விலைவாசியைத் தீர்மானிப்பது, வெளிநாட்டுப் பணத்துக்கு எதிராக சிங்கப்பூர் டாலரின் மதிப்புதான். டாலர் வலுவாக இருந்தால் இறக்குமதிச் சாமான் மலிவு. பலவீனமானால் விலை எகிறும்.

அதனால் 1981-லிருந்து எம்.ஏ.எஸ். வட்டியைத் திருகாமல் நாணய மாற்று விகிதத்தைத் திருகுகிறது. வியாபாரம் செய்யும் நாடுகளின் பணங்களை ஒரு கூடையில் போட்டு, அந்தக் கூடைக்கு எதிராக சிங்கப்பூர் டாலர் ஒரு எல்லைக்குள் ஏறி இறங்க விடுகிறார்கள். எல்லையைத் தாண்டப் பார்த்தால் ஆணையமே சந்தையில் இறங்கி டாலரை வாங்கும் அல்லது விற்கும். செட் பாயின்ட், பேண்ட், ஃபீட்பேக்... நம்ம சிலபஸேதான்!

இப்படிப்பட்ட இடத்தில் பொருளாதாரத் துறை இயக்குநராக உயர்ந்தார் தர்மன். பேரும் வருமானமும் சேர்ந்து வந்தன. எங்க தெரு ஆன்ட்டிகள் பாஷையில் சொன்னால், 'நல்லா செட்டில் ஆயிட்டாரு'. அப்போதுதான் விழுந்தது அடி.

1,500 டாலர் அபராதம்!

1992. அந்த வருஷத்தின் இரண்டாம் காலாண்டில் சிங்கப்பூர் எவ்வளவு வளர்ந்தது என்கிற முதல்கட்டக் கணிப்பு, அரசு அதிகாரபூர்வமாக வெளியிடும் முன்பே ஒரு வணிக நாளிதழில் அச்சாகிவிட்டது. 'இதுல என்ன இருக்கு, நல்ல நியூஸ்தானே?' என்று நமக்குத் தோணும். ஆனால் ஷேர் மார்க்கெட்டில் அந்த ஒரு நம்பரை முன்கூட்டியே தெரிந்தவன் கோடிகளை அள்ளலாம். அதனால் அங்கே அது அரசு ரகசியம்.

விசாரணை நடந்தது. அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் ஐந்து பேர் மீது வழக்கு. பத்திரிகைத் துறையினர், தனியார் நிறுவனப் பொருளாதார நிபுணர்கள், அவர்களோடு தர்மன். 'நான் யாருக்கும் சொல்லவில்லை' என்று கோர்ட்டில் மறுத்து நின்றார். நீண்ட விசாரணைக்குப் பிறகு 1994-ல் தீர்ப்பு. தகவலைக் கொடுத்தார் என்கிற பெரிய குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால், ரகசிய எண்கள் இருந்த தாளைப் பத்திரமாகக் கையாளாமல் அஜாக்கிரதையாக இருந்தார் என்கிற சின்னக் குற்றச்சாட்டு நின்றது. தண்டனை: 1,500 சிங்கப்பூர் டாலர் அபராதம்.

இந்த நம்பரைக் கொஞ்சம் கவனிங்க. அப்போதைய சிங்கப்பூர் அரசியல் சட்டப்படி, 2,000 டாலரோ அதற்கு மேலோ அபராதம் விதிக்கப்பட்டவர் பார்லிமென்ட் தேர்தலில் நிற்கும் தகுதியை இழப்பார். இவருக்கு விழுந்தது 1,500. இன்னும் ஐந்நூறு டாலர் கூட விழுந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது!

எங்க ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வருது. அப்பரைக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தூக்கிப் போட்டார்கள், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கரை சேர்த்தது என்பார்கள். அந்த இடத்துக்குப் பேரே கரையேறவிட்ட குப்பம். ஸ்கூலில் படிக்கும்போது, 'கல்லு எப்படி மிதக்கும்? ஆர்க்கிமிடிஸ் என்ன சொல்றாரு?' என்று வம்பு பண்ணியிருக்கிறேன். சில கல்லு மிதக்கத்தான் செய்யுது போல!

மறுபடியும் முதல் படி

தீர்ப்புக்கு அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் என்னை நிஜமாகவே உட்கார வைத்தது. அவர் நாட்டைவிட்டுப் போகவில்லை. ஏதாவது வெளிநாட்டு பேங்க்கில் பல மடங்கு சம்பளத்துக்குச் சேர்ந்து, 'போங்கடா' என்றும் சொல்லவில்லை. சிங்கப்பூர் நிர்வாகச் சேவையில் சேர்ந்து கல்வி அமைச்சகத்துக்குப் போனார். பழக்கமான துறையே இல்லை. ஸ்கூல், சிலபஸ், வாத்தியார்கள். அங்கே வேலை பார்த்துவிட்டு மறுபடி எம்.ஏ.எஸ். திரும்பினார். 1999-ல் அரசின் பொது நிர்வாகத் தங்கப் பதக்கம். அபராதம் கட்ட வைத்த அதே அரசு, ஐந்தே வருஷத்தில் கூப்பிட்டுப் பதக்கம் கொடுத்தது. 2001-ல் எம்.ஏ.எஸ்.ஸின் நிர்வாக இயக்குநர்!

இங்கே கொஞ்சம் சொந்தக் கதை. எனக்கு மேத்ஸ் பேப்பர் ஒன்று அரியர். போன செமஸ்டர் ரிசல்ட் வந்த ராத்திரி, 'இனி எந்த கம்பெனியும் நம்மளை உள்ளே விடாது' என்று முடிவே கட்டிவிட்டேன். ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தப்பு என்னோடதுதான், ஒழுங்காகப் படிக்கவில்லை. ஆனால் 'மார்க் ஷீட்டில் ஒரு கறை விழுந்துட்டா அவ்வளவுதான்' என்று யார் எனக்குச் சொன்னது? யாருமே சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டேன். கோர்ட் தீர்ப்புக்கு முன்னாடி என் அரியர் எம்மாத்திரம் பாஸ்?

அதே சமயம், இதை 'தப்பு பண்ணுங்க, மேலே வரலாம்' என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. நல்ல படிப்பு, நல்ல குடும்பம், திறமையைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும் அரசு என்று அவருக்குப் பின்னாடி நிறைய இருந்தது. எல்லாருக்கும் அந்த ரெண்டாவது சான்ஸ் கிடைப்பதில்லை. கிடைத்ததை அவர் வீணாக்கவில்லை என்பதுதான் விஷயம்.

44 வயசில் ஓட்டு கேட்டு...

மத்திய வங்கியின் தலைமை அதிகாரி நாற்காலி. உட்கார்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2001 அக்டோபரில் ராஜினாமா செய்துவிட்டு, ஆளும் மக்கள் செயல் கட்சி சார்பில் ஜூரோங் தொகுதியில் இறங்கினார்.

அங்கே தேர்தல் நம்ம ஊர் மாதிரி இல்லை. பெரும்பாலான எம்.பி.க்கள் 'குழுத்தொகுதி'யில் டீமாக நிற்க வேண்டும். டீமில் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது கட்டாயம் இருக்கணும். ஜெயித்தால் டீமே ஜெயிக்கும், தோற்றால் மொத்த டீமும் வீட்டுக்கு! 1988-ல் வந்த முறை இது. 'சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு' என்று அரசு சொல்லும். 'ஆளுங்கட்சிக்குத்தான் பாதுகாப்பு' என்று எதிர்க்கட்சிகள் சொல்லும்.

2001 நவம்பர் 3 தேர்தலில் அவருடைய ஐந்து பேர் அணி கிட்டத்தட்ட 80 சதவிகித ஓட்டு வாங்கி ஜெயித்தது. 2020 தேர்தலில் பல இடங்களில் ஆளுங்கட்சி ஓட்டு சரிந்தபோதும், ஜூரோங்கில் சுமார் 74.6 சதவிகிதம். நாட்டிலேயே அந்தக் கட்சி வாங்கிய பெஸ்ட் ரிசல்ட் அதுதான். பேங்க்கில் இருந்து வந்தவர், கால் நூற்றாண்டுக்குப் பக்கத்தில் ஒரே தொகுதியைக் காப்பாற்றியிருக்கிறார்.

சாவி ரெண்டு!

2003-ல் கல்வி அமைச்சர். 'குறைவாகக் கற்பி, அதிகமாகக் கற்றுக்கொள்ளட்டும்' என்பதுதான் அந்தக் காலத்தில் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஓடிய கோஷம். 2004-ல் பிரதமர் லீ சியன் லூங் சொன்னதைச் செயல்படுத்தும் வேலை இவருக்கு. சிலபஸைக் குறைத்து, யோசிக்க நேரம் கொடுப்பது. (இதை எங்க டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமான்னு ஒரு ஐடியா இருக்கு!)

2007 டிசம்பரில் நிதி அமைச்சர். அடுத்த வருஷமே அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ, உலகமே ஆடியது. ஏற்றுமதியை நம்பி வாழும் சிங்கப்பூருக்குப் பலத்த அடி. வழக்கமாக பிப்ரவரியில் வரும் பட்ஜெட்டை 2009 ஜனவரி 22-லேயே கொண்டுவந்தார். மொத்தம் 20.5 பில்லியன் டாலர் மீட்புத் திட்டம். அதில் ஒரு ஐடியா ரொம்ப சிம்பிள். ஆட்களை வேலையைவிட்டு அனுப்பாமல் வைத்திருக்கும் முதலாளிக்கு, ஒவ்வொரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 டாலருக்கு 12 சதவிகிதத்தை அரசே கொடுத்துவிடும்.

பணம் எங்கிருந்து? இங்கேதான் சிங்கப்பூரின் 'ரெண்டு சாவி' சிஸ்டம். முந்தைய அரசுகள் சேர்த்து வைத்த கையிருப்பை இப்போதைய அரசு தன்னிஷ்டத்துக்கு எடுக்க முடியாது. ஒரு சாவி அரசிடம், இன்னொரு சாவி மக்கள் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதியிடம். ரெண்டும் சேர்ந்தால்தான் லாக்கர் திறக்கும். பேங்க் லாக்கரேதான்! 2009-ல்தான் முதல்முறையாக அந்த லாக்கர் திறக்கப்பட்டது. 4.9 பில்லியன் டாலர் வரை எடுக்க அனுமதி. சாவி கேட்ட நிதி அமைச்சர் தர்மன். சாவி கொடுத்த ஜனாதிபதி எஸ்.ஆர்.நாதன், அவரும் தமிழர். நிலைமை சரியானதும், எடுத்த பணத்தை 2011-ல் அரசு திருப்பி வைத்துவிட்டது. வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கும் அரசாங்கம்! நம்பத்தான் முடியலை, இல்லே?

2011-ல் துணைப் பிரதமர். அதே வருஷம் பழைய ஆபீஸுக்குத் திரும்பினார், இந்த முறை எம்.ஏ.எஸ்.ஸின் தலைவராக. எங்க ட்ரெயின் நோட்டில் இருக்கும் கையெழுத்து அந்த ஹோதாவில் போட்டதுதான். அதே 2011-ல் ஐ.எம்.எஃப்.-க்கு வழிகாட்டும் அமைச்சர்கள் குழுவின் தலைவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆசியர்.

2015 பட்ஜெட்டில் நமக்குப் பிடித்த மாதிரி ஒரு திட்டம், ஸ்கில்ஸ்ஃபியூச்சர். 25 வயசு தாண்டிய ஒவ்வொரு சிங்கப்பூர் குடிமகனுக்கும் 500 டாலர் கணக்கில். அந்தக் காசை வைத்துப் புதுசாக எதையாவது கற்றுக்கொள்ளலாம். டிகிரி வாங்கியதோடு படிப்பு முடிந்துவிடாது என்பதை பட்ஜெட்டிலேயே எழுதிவிட்டார்கள்.

பிரதமர் ஏன் ஆகலை?

ட்ரெயினில் இதுக்குத்தான் பெரிய சண்டை. "இவ்ளோ பண்ணியிருக்காரு, பி.எம். ஆக்கியிருக்க வேணாமா?"

சிங்கப்பூரிலும் இந்தக் கேள்வி பலமாக ஓடியது. 2016-ல் 'அடுத்த பிரதமர் யார்?' என்று கருத்துக்கணிப்பு எடுத்தபோது பெருவாரியானவர்கள் சொன்னது இவர் பேரைத்தான். ஆனால் அவரே, தனக்குக் கொள்கை வகுப்பதும் ஆலோசனை சொல்வதும்தான் பிடிக்கும், பிரதமர் பதவிக்குத் தான் ஆள் இல்லை என்று முடித்துவிட்டார். 2019-ல் ஒரு பல்கலைக்கழக மேடையில், அப்போது பிரதமர் ரேஸில் முன்னால் இருந்த ஹெங் சுவீ கியெட், 'சீனர் அல்லாத பிரதமரை ஏற்க மூத்த தலைமுறை இன்னும் தயாராக இல்லை' என்று சொல்ல, விவாதம் சூடானது. சிங்கப்பூரில் நாலில் மூன்று பங்கு சீன வம்சாவளியினர். தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று, நாணயத்தில்கூட 'சிங்கப்பூர்' என்று நம்ம எழுத்து இருக்கு. ஆனால் நாணயத்தில் இடம் கிடைப்பது வேறு, முதல் நாற்காலி கிடைப்பது வேறு!

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் 2023-ல் வந்தது. பதவிகளையும் கட்சியையும் விட்டு விலகி, ஜனாதிபதி தேர்தலில் நின்றார். சின்னம் அன்னாசிப்பழம். ஹாக்கியன் சீனத்தில் அதன் பெயர் 'அதிர்ஷ்டம் வருகிறது' என்பது போல ஒலிக்குமாம். செப்டம்பர் 1 ஓட்டெடுப்பு. மூணு பேர் போட்டி. தர்மனுக்கு 70.4 சதவிகிதம். சீன வம்சாவளியைச் சேர்ந்த மற்ற ரெண்டு பேருக்கும் சேர்த்தே முப்பதைத் தொடவில்லை. போட்டி நடந்த ஒரு ஜனாதிபதி தேர்தலில் சீனர் அல்லாத ஒருவர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. செப்டம்பர் 14-ல் பதவியேற்பு, ஆறு வருஷப் பதவிக்காலம்.

விமர்சனமும் இருந்தது. கிட்டத்தட்ட இருபது வருஷம் அமைச்சரவையில் இருந்தவர், அதே அரசைத் தட்டிக்கேட்கும் காவலராக எப்படி இருப்பார் என்று கேட்டார்கள். சரியான கேள்வி. ஆட்சி நடத்துவது அங்கேயும் பிரதமர்தான். ஜனாதிபதிக்கு இருக்கும் நிஜமான பவர், கையிருப்பையும் முக்கிய நியமனங்களையும் காப்பது. ஒருகாலத்தில் 'சாவி கொடுங்க' என்று கேட்டு நின்றவர் கையில்தான் இப்போது அந்தச் சாவி. கேட்டால் கொடுப்பாரா, மறுப்பாரா என்பதில்தான் அவருக்கு நிஜமான பரீட்சை.

இவங்களும் பேங்க் பார்ட்டிதான்!

மன்மோகன் சிங்: 1982 முதல் 1985 வரை ரிசர்வ் பேங்க் கவர்னர். 1991-ல் நேராக நிதி அமைச்சர், 2004 முதல் 2014 வரை பிரதமர். 1999-ல் தெற்கு டெல்லியில் நின்ற ஒரே மக்களவைத் தேர்தலில் தோல்வி. ராஜ்யசபா வழியாகவே பத்து வருஷம் நாட்டை நடத்தினார். 2024 டிசம்பரில் மறைந்தார்.

மரியோ டிராகி: 2011 முதல் 2019 வரை ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர். 2021-ல் இத்தாலி பிரதமர், அடுத்த வருஷமே கூட்டணி கவிழ்ந்து வெளியே.

முகமது யூனுஸ்: ஏழைப் பெண்களுக்குச் சின்னக் கடன் கொடுக்கும் கிராமீன் பேங்க்கை வளர்த்தவர். 2006-ல் அமைதிக்கான நோபல். மாணவர் எழுச்சிக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் பங்களாதேஷ் இடைக்கால அரசின் தலைவர் ஆனார்.

மார்க் கார்னி: கனடா மத்திய வங்கி, அப்புறம் இங்கிலாந்து மத்திய வங்கி, ரெண்டுக்கும் கவர்னராக இருந்தவர். 2025 மார்ச்சில் கனடா பிரதமர் ஆனார்.

சரி, அண்ணன் கேட்ட கேள்விக்கு என்ன பதில்?

எங்க தெருவில் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் பாடலீஸ்வரர் கோயில் வாசலில் பிடித்து, நோட்டையும் கதையையும் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "தம்பி, பேங்க்ல உக்காந்து எவ்ளோ நல்லா கணக்குப் போட்டாலும், லோன் யாருக்குன்னு பாலிசி எழுதுறவன் வேற இடத்துல இருக்கான். நாப்பது வயசுல எனக்கும் அது புரிஞ்சுது. ஆனா நான் எழுந்து போகலை. பி.எஃப். இருந்துச்சு, பொண்ணு கல்யாணம் இருந்துச்சு. இவரு எழுந்து போயிட்டாரு. அவ்ளோதான் வித்தியாசம்."

மறுநாள் ட்ரெயினில் இதை அப்படியே ஃபைனல் இயர் அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பரங்கிப்பேட்டை ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம் குவான்டிட்டேட்டிவ் ஆப்டிட்யூட் புத்தகத்தை மறுபடி திறந்தார்.

"முதல்ல உள்ளே போறேன்டா. எழுந்து போறதைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்!"

ரெண்டு டாலர் நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கு. அரியர் எக்ஸாம் முடியும்வரை கடன். மேத்ஸ் புக்கில் புக் மார்க்காக வைத்திருக்கிறேன். நோட்டின் பின்பக்கம் என்ன படம் தெரியுமா? கல்வி! பாஸ் ஆனதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். சிங்கப்பூர் அரசே எடுத்ததைத் திருப்பி வைத்திருக்கிறது, நான் கொடுக்க மாட்டேனா?